ஒரு பக்கத்தில் அடங்காத டிராம்போலின்: கர்னல் லிங்கர் பிழை ஒன்றின் கணக்கு

எக்ஸ்வி6 கர்னலின் லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு சோதனை வரி உண்டு. டிராம்போலின் எனப்படும் சின்ன நிரல்துண்டு நினைவகத்தில் சரியாக ஒரு பக்கத்தை, அதாவது 4096 பைட்டை, பிடித்திருக்கிறதா என்று அது பார்க்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் 'எரர்: டிராம்போலின் லார்ஜர் தேன் ஒன் பேஜ்' என்று ஒரே ஒரு வரி திரையில் வரும், லிங்கர் அத்தோடு நின்றுவிடும். சி கோப்புகள் எல்லாம் கம்பைல் ஆகியிருக்கும், அசெம்பிளி கோப்புகளும் ஆகியிருக்கும், கர்னல் மட்டும் கிடைக்காது. டிராம்போலின் கோப்பைத் திறந்து பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். உள்ளே இருப்பது சில நூறு பைட் அளவுள்ள நிரல். அது எப்படி நாலாயிரத்தைத் தாண்டும்?

பெரும்பாலும் தாண்டியிருக்காது. அந்தச் சோதனை ஒரு கழித்தல் கணக்கு. விடை 4096 ஆக வர வேண்டும். வராதபோது என்ன வந்தது என்பதை லிங்கர் சொல்வதில்லை, ஸ்கிரிப்டில் எழுதி வைத்த வாக்கியத்தை மட்டும் ஒப்பிக்கிறது. அந்த வாக்கியமோ பல காரணங்களில் ஒன்றைத்தான் பெயர் சொல்கிறது. சொல்லாமல் விட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். இந்தப் பிழையைத் தீர்க்கும் வழி முழுவதும் அந்த எண்ணைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

எக்ஸ்வி6 அமெரிக்காவின் எம்ஐடியில் இயக்கமுறைமை வகுப்புக்காக 2006 கோடையில் எழுதப்பட்டது. ரஸ் காக்ஸ், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மோரிஸ் ஆகியோரின் ஆக்கம். பெல் ஆய்வகத்தில் 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றியது. முதலில் இன்டெல் எக்ஸ்86 செயலிக்காக இருந்தது, 2019இல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் பலர் இதைச் சந்தித்தது ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ நடத்திய என்பிடெல் இயக்கமுறைமைப் பாடத்தின் வழியாக. அந்தப் பாடம் எக்ஸ்86 பதிப்பை வைத்து நடந்தது. எக்ஸ்86இல் பழகிய கை ரிஸ்க்-ஃபைவ் அசெம்பிளியைத் தொடும்போது இந்த லிங்கர் பிழைக்கு வாய்ப்பு மிக அதிகம். ஏன் என்பது கீழே வருகிறது.

ரிஸ்க்-ஃபைவ் இங்கே எட்டாத விஷயம் அல்ல. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலிகளும், திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா செயலிகளும் அதே கட்டளைத் தொகுதியைக் கொண்டவை. இந்தப் பிழையை ஆராய ஐஐடி வளாகமோ செயலிப் பலகையோ தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக்கூடங்களில் ஓடும் கைட் க்னூ/லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி கம்பைலர், பின்யுட்டில்ஸ் கருவிகள், கியூஎமு பாவனை இயந்திரம் மூன்றும் உபுண்டுவில் இலவசத் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும், மலைமேல் மூணாறிலும் பீர்மேட்டிலும் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் அதே உபுண்டுவில் எக்ஸ்வி6ஐ ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். அவர்கள் கையில் கருவி இருக்கிறது. லிங்கர் வரைக்கும் இறங்கிச் சொல்லும் தமிழ் எழுத்துதான் போதாமல் இருக்கிறது.

பக்க எல்லை ஏன் இவ்வளவு முக்கியம்

ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 முறையில் மெய்நிகர் முகவரி 39 பிட் நீளமுள்ளது. மேலே உள்ள 27 பிட் எந்தப் பக்கம் என்று சொல்கிறது, கீழே உள்ள 12 பிட் அந்தப் பக்கத்துக்குள் எந்த பைட் என்று சொல்கிறது. பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் 44 பிட் அளவுள்ள மெய்ப்பக்க எண்ணும் சில உரிமைக் குறிகளும் மட்டுமே எழுதப்படுகின்றன. பக்கத்துக்குள் எங்கே என்பதற்கு அந்தப் பதிவில் இடமே கிடையாது. நில ஆவணத்தில் சர்வே எண் இருக்கும், அந்த நிலத்துக்குள் கிணறு எந்த மூலையில் என்று இருக்காது. வன்பொருளும் அப்படித்தான்: பக்க எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது, கீழ் 12 பிட்டை மெய்நிகர் முகவரியிலிருந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தின் முதல் பைட்டில் தொடங்காத ஒன்றை 'பக்கத்தின் தொடக்கம்' என்று சொல்லி அட்டவணையில் எழுதினால், கீழ் 12 பிட் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

டிராம்போலினுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் கால் அல்லது குறுக்கீடு வந்தால் செயலி கர்னல் நிலைக்குத் தாவுகிறது, ஆனால் பக்க அட்டவணையை மாற்றுவதில்லை. அதை மாற்றுவது மென்பொருளின் பொறுப்பு. ஆகவே முதல் சில கட்டளைகள் பயனரின் அட்டவணையை வைத்துக்கொண்டே ஓட வேண்டும். பயனரின் பதிவேடுகளைப் பத்திரப்படுத்தி, கர்னல் அட்டவணையின் எண்ணை எஸ்ஏடிபி பதிவேட்டில் ஏற்றுகின்றன. ஏற்றிய மறுகணம் உலகமே மாறிவிடுகிறது. அடுத்த கட்டளை கர்னல் அட்டவணையின் வழியே தேடப்படும். அந்த அட்டவணையிலும் அதே முகவரியில் அதே கட்டளை இருந்தால்தான் ஓட்டம் தொடரும். இதற்காகவே டிராம்போலின் பக்கம் எல்லா அட்டவணைகளிலும், மெய்நிகர் வெளியின் உச்சியில், ஒரே முகவரியில் பொருத்தப்படுகிறது. பொருத்தப்படுவது ஒரே ஒரு பக்கம். நிரல் அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

எக்ஸ்86 பதிப்பில் டிராம்போலின் என்ற ஒன்றே கிடையாது. அங்கே கர்னல் முழுவதும் ஒவ்வொரு பயனர் அட்டவணையின் மேற்பாதியிலும் பொருத்தப்பட்டிருக்கும், அட்டவணை மாற்றும் நெருக்கடி வாசலில் வராது. ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு கர்னலையும் பயனரையும் தனித்தனி அட்டவணைகளில் பிரித்து வைத்தது. பாடத்துக்கு இது நல்ல முடிவு, விலையாக இந்த ஒரு பக்க நிபந்தனை வந்தது. லினக்ஸும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் பாதுகாப்புக் குறை வெளியானபின் ஆர்ம்64 கர்னலிலும் பயனர் அட்டவணையில் நுழைவாசலுக்கான டிராம்போலின் மட்டும் பொருத்தும் முறை சேர்ந்தது.

லிங்கர் ஸ்கிரிப்டில் என்ன நடக்கிறது

லிங்கரின் வேலை ஆப்ஜெக்ட் கோப்புகளின் செக்‌ஷன்களை வரிசையாக அடுக்கி முகவரி கொடுப்பது. அடுக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி ஸ்கிரிப்டில் ஒற்றைப் புள்ளியாக எழுதப்படும். எக்ஸ்வி6இல் அந்தப் புள்ளி ஹெக்ஸ் 80000000இல் தொடங்குகிறது. கியூஎமுவின் விர்ட் இயந்திரத்தில் ரேம் தொடங்கும் இடம் அதுதான். முதலில் நுழைவு நிரல், பிறகு மற்ற டெக்ஸ்ட் செக்‌ஷன்கள் எல்லாம் அடுக்கப்படுகின்றன. பிறகு அலைன் கட்டளை புள்ளியை அடுத்த 4096 எல்லைக்கு நகர்த்துகிறது. அந்த இடத்துக்கு அடிக்கோட்டுடன் தொடங்கும் 'டிராம்போலின்' என்ற குறியீடு சூட்டப்படுகிறது. அடுத்து டிராம்ப்செக் என்ற பெயருள்ள செக்‌ஷன் வருகிறது. மறுபடியும் புள்ளி அடுத்த 4096 எல்லைக்கு நகர்கிறது. இப்போது அசர்ட் வரி: புள்ளியிலிருந்து அந்தக் குறியீட்டைக் கழித்தால் ஹெக்ஸ் 1000, அதாவது 4096, வர வேண்டும். அதற்கு உடனே கீழே இடெக்ஸ்ட் என்ற குறியீடு. கர்னலின் நிரல் பகுதி முடியும் இடம் அது.

கழித்தலின் ஒரு முனை, அதாவது முடிவு, எப்போதும் பக்க எல்லையில்தான் இருக்கும். அதற்கு முன்வரிதான் அலைன் செய்துவிட்டதே. ஆகவே விடையில் வரும் கோளாறு எல்லாம் தொடக்கத்திலிருந்தோ இடையில் உள்ள செக்‌ஷனிலிருந்தோதான் வர முடியும். நடைமுறையில் நான்கு விதமான விடைகள் வரும்.

முதலாவது, விடை 4096ஆல் மீதமின்றி வகுபடாத எண். தொடக்கம் பக்க எல்லையில் இல்லை என்பதற்கு இது நேரடிச் சாட்சி. ஸ்கிரிப்டைத் திருத்தும்போது முதல் அலைன் வரி நீங்கிப்போயிருக்கும், அல்லது குறியீட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அலைன் வரி நீங்கி, டெக்ஸ்ட் பகுதி ஹெக்ஸ் 80006200இல் முடிந்தது என்று வைத்துக்கொண்டால் டிராம்போலின் அங்கேயே தொடங்கி, சில நூறு பைட்டில் முடிந்து, புள்ளி 80007000க்கு நகரும். வித்தியாசம் 3584. ஒரு பக்கத்தைவிடக் குறைவு. லிங்கரோ பக்கத்தைவிடப் பெரிது என்று சொல்லிக்கொண்டிருக்கும்! குறியீட்டையும் அலைன் வரியையும் இடம் மாற்றி எழுதியிருந்தால் இதே எண்களுக்கு 7680 வரும். வரிசை மாறக்கூடாது: அலைன் முதலில், பெயர் அடுத்து, உள்ளடக்கம் அதன்பின்.

இரண்டாவது, விடை பூஜ்யம். டிராம்ப்செக் என்ற பெயரில் லிங்கருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அசெம்பிளி கோப்பில் பெயருக்கு முன் ஒரு புள்ளி சேர்ந்திருந்தாலும் போதும், அது வேறு பெயர் ஆகிவிடும். செக்‌ஷன் வரியையே விட்டுவிட்டால் டிராம்போலின் நிரல் சாதாரண டெக்ஸ்ட்டோடு சேர்ந்து கர்னலின் நடுவில் எங்கோ போய் உட்காரும். இங்கேயும் செய்தி 'பெரிது' என்றுதான் வரும், உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லாதபோதும்.

மூன்றாவது, 4096இன் பெரிய மடங்கு. எக்ஸ்86இலிருந்து வருபவர்கள் விழும் குழி இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

க்னூ அசெம்பிளரில் புள்ளியோடு எழுதப்படும் அலைன் கட்டளைக்கு எல்லா இயந்திரங்களிலும் ஒரே பொருள் கிடையாது. எக்ஸ்86 லினக்ஸில் அலைன் 16 என்றால் 16 பைட் எல்லை. ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்மிலும் அந்த எண் இரண்டின் அடுக்கு; அலைன் 16 என்றால் இரண்டின் பதினாறாம் அடுக்கு, 65536 பைட் எல்லை. எக்ஸ்வி6இன் டிராம்போலின் கோப்பில் இருப்பது அலைன் 4. பதினாறு பைட் என்பதை அங்கே அப்படித்தான் எழுத வேண்டும். எக்ஸ்86 பழக்கத்தில் ஒருவர் அதைப் பார்த்து, நான்கு பைட் போதாது, பதினாறாக்கலாம் என்று நினைத்து 16 என்று திருத்தினால் அசெம்பிளர் ஒரு சொல்லும் சொல்லாது. அது முறையான கட்டளைதான். டிராம்ப்செக் முழுவதும் 64 கிலோபைட் எல்லையில்தான் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை ஆப்ஜெக்ட் கோப்பில் பதிவாகிவிடும்.

லிங்கர் அதை மதிக்கிறது. குறியீடு ஹெக்ஸ் 80007000இல் சூட்டப்பட்டிருந்தால் செக்‌ஷன் அங்கே தொடங்க முடியாது, 80010000 வரை தள்ளிப்போக வேண்டும். அங்கே சில நூறு பைட், பிறகு 80011000 எல்லை. கழித்தால் 40960, பத்துப் பக்கம். ஒன்பது பக்கம் வெறும் நிரப்பு, ஒரு பக்கத்தில்தான் நிரல்.

நான்காவது, 8192. டிராம்போலின் நிஜமாகவே ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது என்பது இந்த விடையில் இருக்கலாம், அல்லது அலைன் 13 போன்ற ஒன்று நுழைந்திருக்கலாம். செய்தி சொல்லும் காரணம் இந்த ஒன்றில் மட்டும்தான் உண்மை. நடைமுறையில் இது அபூர்வம்.

எண்ணைப் பிடிப்பது

லிங்க் தோற்றதும் முதலில் பார்க்க வேண்டியது டிராம்போலினின் ஆப்ஜெக்ட் கோப்பு. லிங்கர் தோற்றாலும் அது வட்டில் இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் ஆப்ஜ்டம்ப் கருவியை எச் விருப்பத்தோடு அதன்மேல் ஓட்டினால் செக்‌ஷன்களின் பட்டியல் வரும்: பெயர், அளவு, கடைசி நெடுவரிசையில் அலைன்மென்ட். டிராம்ப்செக் வரியில் இரண்டின் நான்காம் அடுக்கு என்று இருந்தால் சரி. பதினாறாம் அடுக்கு என்று இருந்தால் குற்றவாளி கிடைத்தாகிவிட்டது. அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் விடை பூஜ்யம் என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். அளவு நெடுவரிசையில் ஹெக்ஸ் 1000க்கு மேல் இருந்தால் மட்டும் நிரல் நிஜமாகவே பெரிது. இந்த ஒரு பட்டியல் நான்கில் மூன்று காரணங்களைத் தீர்த்துவிடுகிறது என்பதால் ஸ்கிரிப்டில் கைவைக்கும் முன் இதைச் செய்வதே முறை.

அங்கே எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு ஸ்கிரிப்டில். அசர்ட் வரியை ஆய்வுக்காக மட்டும் மறைத்து, மேப் கோப்பு எழுதச் சொல்லி லிங்க் செய்ய வேண்டும். அல்லது உருவான கர்னல்மேல் என்எம் கருவியை ஓட்டி, அடிக்கோட்டு டிராம்போலின், இடெக்ஸ்ட் இரண்டின் முகவரிகளை எடுத்துக் கழிக்க வேண்டும். இடெக்ஸ்ட் அசர்ட்டுக்கு அடுத்த வரி என்பதால் அந்த வித்தியாசம்தான் லிங்கர் சொல்லாமல் விட்ட எண். எடுத்தவுடன் அசர்ட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். அந்தக் கர்னலை ஓட்டிப் பார்க்கக்கூடாது, ஓடினாலும் நம்பக்கூடாது.

ஓடினாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 64 கிலோபைட் அலைன்மென்ட் வழக்கில் அசர்ட் இல்லாத கர்னல் பூட் ஆகிவிடும். சி நிரல் பயன்படுத்துவது அசெம்பிளி கோப்பில் உள்ள அடிக்கோடு இல்லாத டிராம்போலின் குறியீட்டை. அது 80010000இல், ஒழுங்கான பக்க எல்லையில்தான் இருக்கிறது. வீணானது ஒன்பது பக்க நினைவகம் மட்டும். அசர்ட் வேலையற்றது என்ற முடிவுக்கு வர இதைவிட எளிய வழி இல்லை. அலைன் வரி நீங்கிய வழக்கில் அந்த முடிவே காவு வாங்கும். நிரல் 80006200இல் இருக்க, கர்னல் அந்த முகவரியை வலப்பக்கம் 12 பிட் தள்ளி அட்டவணையில் எழுதுகிறது. 200 உதிர்ந்து 80006000 ஆகிறது. மெய்நிகர் முகவரியும் அளவும் பக்க எல்லையில் இருக்கின்றனவா என்று பொருத்தும் செயற்கூறு பார்க்கிறது. மெய் முகவரியை அது பார்ப்பதில்லை. பிறகு கர்னல் முதல் பயனர் நிரலுக்குள் நுழைவதற்காகவே உச்சிப் பக்கத்துக்குத் தாவும். அங்கே இருப்பது டிராம்போலின் அல்ல, 80006000 பக்கத்தில் தற்செயலாக விழுந்த ஏதோ ஒரு சி செயற்கூறின் நடுப்பகுதி. கர்னல் பேனிக் செய்தி கூட வராமல் போகலாம், ஏனென்றால் பேனிக் வரை போவதற்கே சரியான டிராம்போலின் வேண்டும். லிங்க் நேரத்தில் ஒரு வரியில் நின்றிருக்க வேண்டிய பிழை, ஜிடிபி பிழைதிருத்தியோடு இரவு முழுக்க உட்கார வைக்கும் பிழையாகிவிடும். அசர்ட்டை நீக்குவது இந்தப் பிழைக்குத் தீர்வு அல்ல என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

திருத்தம்

அசெம்பிளி கோப்புகளில் அலைன் என்ற சொல்லையே தவிர்ப்பது நல்லது. க்னூ அசெம்பிளர் அதற்குப் பதிலாக இரண்டு கட்டளைகள் தருகிறது. பிஅலைன் எப்போதும் பைட் கணக்கு, பி2அலைன் எப்போதும் இரண்டின் அடுக்கு, எந்தச் செயலியாக இருந்தாலும். பிஅலைன் 16 என்று எழுதினால் எக்ஸ்86காரரும் ரிஸ்க்-ஃபைவ்காரரும் ஒரே பொருளில் படிப்பார்கள். எக்ஸ்வி6இன் பழைய எக்ஸ்86 பதிப்பிலேயே மல்டிபூட் தலைப்புக்கு பி2அலைன் 2 என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

ஸ்கிரிப்டில் ஒரே அசர்ட்டை மூன்றாகப் பிரித்துவிடலாம். டிராம்போலின் குறியீட்டை 4096ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமா என்பது ஒன்று; இல்லையென்றால் 'டிராம்போலின் பக்க எல்லையில் இல்லை' என்ற செய்தி. செக்‌ஷன் முடிந்ததும், அலைன் செய்வதற்கு முன், புள்ளி குறியீட்டைவிட முன்னே போயிருக்கிறதா என்பது இரண்டு. இல்லையென்றால் 'டிராம்ப்செக் காலி'. கடைசியாகப் பழைய சோதனை. அதோடு அசெம்பிளியில் உள்ள டிராம்போலினும் ஸ்கிரிப்டில் உள்ள அடிக்கோட்டு டிராம்போலினும் சமமா என்று ஒரு வரி சேர்த்தால் 64 கிலோபைட் வழக்கும் தன் பெயரோடு பிடிபடும். லிங்கர் ஸ்கிரிப்டில் அசர்ட்டுக்கு ஓட்டநேரச் செலவு எதுவும் இல்லை. கர்னலில் ஒரு பைட் கூட அதனால் கூடாது. லினக்ஸ் ஆர்ம்64 ஸ்கிரிப்டில் இதே வகையான சோதனையின் செய்தி 'டூ பிக் ஆர் மிஸ்அலைன்ட்' என்று இருக்கிறது. இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுவதால் படிப்பவர் அளவை மட்டும் துரத்திக்கொண்டு அலைவதில்லை. எக்ஸ்வி6க்கும் அந்த வாசகம்தான் பொருந்தும்.

திருத்தியபின் சரிபார்ப்பு எளிது. என்எம் பட்டியலில் இரண்டு டிராம்போலின் குறியீடுகளும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும், ஹெக்ஸ் முகவரியின் கடைசி மூன்று இலக்கமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இடெக்ஸ்ட் அதைவிடச் சரியாக 1000 கூட இருக்க வேண்டும்.

அதே கர்னலில் உள்ள மற்ற எல்லைகள்

டிராம்போலினுக்கு அசர்ட் இருக்கிறது. அதே அளவு கண்டிப்பான வேறு எல்லைகளுக்கு எக்ஸ்வி6இல் லிங்கர் காவல் கிடையாது. கர்னலுக்குள்ளிருந்து வரும் குறுக்கீடுகளுக்கான கர்னல்வெக் நுழைவாசல் நான்கு பைட் எல்லையிலாவது இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த முகவரியை ஏற்கும் எஸ்டிவெக் பதிவேட்டின் கடைசி இரண்டு பிட் முகவரி அல்ல, முறை. இரண்டும் பூஜ்யமானால் எல்லாக் குறுக்கீடும் ஒரே வாசலுக்கு வரும். 1 என்றால் காரணத்துக்கேற்ப வெவ்வேறு வாசல். அதற்குமேல் உள்ளவை ஒதுக்கி வைக்கப்பட்டவை. சுருக்கக் கட்டளைகள் உள்ள செயலியில் கட்டளைகள் இரண்டு பைட் எல்லையில் கூட அமரலாம், ஆகவே அலைன் வரி தவறினால் அந்த பிட்டுகளில் குப்பை ஏறும். தொடக்க அடுக்கான ஸ்டாக்0க்கு 16 பைட் எல்லை சி நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் அழைப்பு மரபு கேட்பது அது.

இடெக்ஸ்ட் பக்க எல்லையில் இருக்க வேண்டியது இன்னொன்று. அதற்குக் கீழே உள்ளது வாசிக்கவும் ஓட்டவும், மேலே உள்ளது வாசிக்கவும் எழுதவும் என்று கர்னல் பிரித்துப் பொருத்துகிறது. அது பக்கத்தின் நடுவில் விழுந்தால் ஒரே பக்கத்தை இரண்டு முறை, இரண்டு வித உரிமையோடு பொருத்த வேண்டியதாகும். பழைய பதிப்புகள் 'ரீமேப்' என்று பேனிக் ஆகும், புதியவை அளவு அலைன் ஆகவில்லை என்று பேனிக் ஆகும். இரண்டுமே ஓட்ட நேரத்தில்தான் தெரியும்.

லிங்கரே இல்லாத கர்னலில் இந்தக் கணக்கு எங்கே போகிறது என்பதற்கு கோழிக்கோடு என்ஐடியின் எக்ஸ்போஸ் நல்ல உதாரணம். மாணவர்கள் படிப்படியாகக் கட்டும் அந்த இயக்கமுறைமை, எக்ஸ்எஸ்எம் என்ற பாவனை இயந்திரத்தில் ஓடுகிறது. அங்கே பக்கம் 512 சொற்கள். மொத்தம் 128 பக்கம். எந்தக் குறுக்கீட்டு நிரல் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிட்டார்கள். அலைன்மென்ட் பிழைக்கு இடமே இல்லை, எல்லாம் பக்கக் கணக்கில்தான் ஏற்றப்படுகிறது. நிரல் தனக்கு ஒதுக்கிய பக்கங்களில் அடங்குகிறதா என்ற கேள்வி மட்டும் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

லிங்கர் தானே எழுப்பும் அலைன்மென்ட் பிழை

இதுவரை பார்த்தது கர்னலை எழுதியவர் வைத்த சோதனை. ரிஸ்க்-ஃபைவில் லிங்கரே எழுப்பும் அலைன்மென்ட் பிழையும் உண்டு, அதன் வேர் ரிலாக்சேஷன் என்ற வசதியில் இருக்கிறது. தொலைவில் உள்ள செயற்கூறை அழைக்கக் கம்பைலர் இரண்டு கட்டளைகளை எழுதி வைக்கும். அருகில்தான் இருக்கிறது என்று லிங்க் நேரத்தில் தெரிந்தால் லிங்கர் அதை ஒன்றாகச் சுருக்கும். சுருக்கினால் பின்னால் உள்ளவை எல்லாம் முன்னே நகரும், அசெம்பிளர் போட்ட அலைன்மென்ட் கெடும். அதனால் அசெம்பிளர் தேவைப்படக்கூடிய அதிகபட்ச நிரப்பைப் போட்டு, ஆர்_ரிஸ்க்வி_அலைன் என்ற குறிப்பை விட்டுவைக்கும். மிச்சத்தை வெட்டுவது லிங்கரின் கடமை. வேறு செயலிகளில் லிங்கர் சுருக்காவிட்டால் நிரல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். இங்கே சுருக்கத் தெரியாத லிங்கர் நிரலைச் சரியாக அமைக்கவே முடியாது.

எல்எல்விஎம்மின் எல்எல்டி லிங்கருக்கு 2022 வரை அது தெரியாது. அந்தக் குறிப்பைக் கண்டதும், ரிலாக்சேஷன் இன்னும் எழுதப்படவில்லை, எம்-நோ-ரிலாக்ஸ் போட்டு மறுபடி கம்பைல் செய்யவும் என்று நின்றுவிடும். எல்எல்விஎம் 15இல் அது தீர்ந்தது. லினக்ஸின் ரிஸ்க்-ஃபைவ் மேக்ஃபைல் அதற்கு முந்தைய எல்எல்டி பதிப்புகளுக்காக அந்த விருப்பத்தைத் தானே சேர்த்துக்கொண்டது. எக்ஸ்வி6இன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு எம்-நோ-ரிலாக்ஸோடுதான் கம்பைல் ஆகிறது. அதன் மேக்ஃபைலைப் பார்த்துத் தனக்கென ஒன்றை எழுதுபவர் அந்த ஒரு சொல்லை விட்டுவிடக்கூடாது.

க்னூ லிங்கரின் செய்தி வேறு. இத்தனை பைட் எல்லைக்கு இத்தனை பைட் நிரப்பு தேவை, இருப்பதோ இத்தனைதான் என்று எண்களோடு சொல்லும். சுருக்கக் கட்டளை இல்லாமல் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட், அவை உள்ள ஆப்ஜெக்டோடு சேரும்போது இது வரலாம். முதலாவது நான்கு பைட் எல்லையை நம்பி நிரப்பு போட்டிருக்கும், லிங்கர் அதை இரண்டு பைட் எல்லையில் வைத்தால் இரண்டு பைட் குறைந்துவிடும். எல்லாக் கோப்புகளையும் ஒரே எம்-ஆர்ச் விருப்பத்தோடு கம்பைல் செய்தால் போய்விடும். அசெம்பிளி கோப்புகளுக்கும் அதே விருப்பம் போகிறதா என்று பார்க்க வேண்டும். மேக்ஃபைலில் அதுதான் அடிக்கடி விடுபடுவது.

கியூஎமுவிலிருந்து பலகைக்கு

சக்தியின் மென்பொருள் தொகுப்பிலும் நிரல் ஹெக்ஸ் 80000000இல் தொடங்குவதால், கியூஎமுவில் பழகிய ஸ்கிரிப்டின் முதல் வரி அங்கே அந்நியமாக இருக்காது. லினக்ஸை ஏற்றும்போது எல்லை இன்னும் பெரிதாகிறது. 2018இல் ஐஐடி மெட்ராஸ் குழு, இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாரான ரைஸ்கிரீக் சில்லில் லினக்ஸைப் பூட் செய்து காட்டியது. 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் கர்னல் மெய்நினைவகத்தில் 2 மெகாபைட் எல்லையில் வைக்கப்பட வேண்டும். 32 பிட்டில் 4 மெகாபைட். கர்னலைப் பெரிய பக்கங்களாகப் பொருத்துவதால் இந்த விதி. ரேமின் தொடக்கத்தை ஓப்பன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்ளும் இயந்திரங்களில் கர்னல் வழக்கமாக 80200000இல் அமர்கிறது. அதற்கும் 80000000க்கும் உள்ள வித்தியாசம் சரியாக 2 மெகாபைட்.